ஒட்டகம் துப்புவது எச்சிலா? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஜெய்சல்மேரில் ஒட்டகச் சவாரிக்குப் போனோம். என் பையன் முகத்தில் துப்பிவிட்டது. வெறும் எச்சில்தானே?

எச்சில் மட்டும் இல்லை. இரைப்பையிலிருந்து மேலே கொண்டுவந்த, பாதி செரித்த தீனியும் கலந்திருக்கும். அந்த நாற்றம் அதனால்தான். பெரும்பாலும் பயத்தில் செய்வது இது. 'கிட்டே வராதே' என்று அர்த்தம். துப்புவதற்கு முன் கன்னம் உப்பும், தொண்டை கரகரக்கும். அப்போதே விலகினால் சட்டை தப்பும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

கேள்வி: பின்பக்கம் போகாமல் இருந்தால் உதை விழாது அல்லவா?

குதிரையை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். ஒட்டகத்தின் பின்னங்கால் பக்கவாட்டிலும் வீசும், முன்னங்காலாலும் உதைக்கும். ஆனால் எனக்குக் காலைவிட வாய்தான் பயம். வளர்ந்த ஆணின் கோரைப்பல் லேசுப்பட்டதல்ல. குளிர்காலம் இனச்சேர்க்கைப் பருவம். ஆண் ஒட்டகம் பல்லை நறநறக்கும், நுரை தள்ளும், பிடரியில் கறுப்பாக ஏதோ கசியும். வாயோரம் இளஞ்சிவப்பாக ஒரு பலூன் தொங்கும். அதை நாக்கு என்று நினைத்துப் படம் எடுக்கக் கிட்டே போகிறவர்கள் உண்டு. அது மேலண்ணத்தின் மென்சதை. அந்தச் சமயத்தில் கையோ தலையோ சிக்கினால் கடித்துவிடும். ஆளைக் கீழே தள்ளி நெஞ்சால் நசுக்கவும் செய்யும். வளர்த்தவரே தள்ளி நிற்கும்போது உங்களுக்கு என்ன அவசரம்?

கேள்வி: அடித்தவனைக் காத்திருந்து பழிவாங்குமாமே?

ஞாபகசக்தி உண்டு, அடித்த ஆளைக் கண்டால் முரண்டு பிடிக்கும். மற்றதெல்லாம் கதை.

கேள்வி: ராஜஸ்தானில் ஒட்டகத்தைக் காக்கச் சட்டமே இருக்கிறது. பிறகும் ஏன் குறைகிறது?

2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019இல் சுமார் 2.5 லட்சம். உழவுக்கும் வண்டிக்கும் இருந்த வேலையை டிராக்டரும் ஜீப்பும் பறித்துக்கொண்டன. இந்திரா காந்தி கால்வாய் வந்ததும் மேய்ச்சல் நிலம் வயலானது. ஊர்ப் பொதுவான 'ஓரண்' காடுகள் சிலவற்றைச் சூரிய மின்சாரத் திட்டங்கள் நெருக்குகின்றன.

அப்புறம் அந்தச் சட்டம். 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015இல் அதை வெட்டவும், வெட்டுவதற்காக வெளிமாநிலம் கொண்டுபோகவும் தடை போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒட்டகம் வளர்ப்பதே தொழிலான ரைக்கா சமூகத்தார் தலைமுறைகளாகப் பெண் ஒட்டகத்தை மந்தையில் வைத்துக்கொண்டு, ஆண் குட்டியைப் புஷ்கர் போன்ற சந்தைகளில் விற்றுத்தான் பிழைத்தார்கள். தடைக்குப் பிறகு வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. விற்க முடியாததை எவர் வளர்ப்பார்? பால் விற்பனை ஓரளவு கைகொடுக்கலாம். வியாபாரத்துக்கு வழி செய்யாமல் தடையை மட்டும் போட்டது தவறு என்பது என் கருத்து.

கேள்வி: காட்டு ஒட்டகம் என்று ஒன்று இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. மங்கோலியா, சீனா எல்லையோரக் கோபி பாலைவனத்திலும் சீனாவின் லோப் நூர் என்ற வறண்ட ஏரிப் பக்கத்திலும் மொத்தமே ஆயிரத்துக்குள்தான். இரட்டைத் திமில். வீட்டு ஒட்டகத்தின் முன்னோரிடமிருந்து பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆன தனி இனம். உப்புத் தண்ணீரையும் குடிக்கும். மனிதரைத் தூரத்தில் கண்டாலே ஓடிவிடும், துப்பவெல்லாம் நிற்காது. சீனா அணுகுண்டு சோதித்த லோப் நூரில்கூடத் தாக்குப்பிடித்தது. ஓநாய், வேட்டை, சுரங்கம், வற்றும் ஊற்று என்று தொல்லைகள் பல. இவற்றோடு, மேய்ச்சலுக்கு வரும் வீட்டு ஒட்டகங்களோடு கலந்து கலப்புக் குட்டி போடுகிறது. அதை வேலி போட்டுத் தடுப்பது எளிதல்ல.