அணுக்கள் இயல்பானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 54. வயிற்றின் இடப்பக்கம் கனமாக இருந்ததால் பரிசோதித்தோம். வெள்ளை அணுக்கள் 1,80,000 இருந்தன. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று கூறி, தினமும் இமாடினிப் 400 மி.கி. கொடுத்தார்கள். நான்கு மாதங்களில் அணுக்கள் 7,000 ஆகிவிட்டன. ஆனால் கண்ணிமைகள் வீங்குகின்றன, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா? எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் தந்தையின் நோய் அடங்கியிருக்கிறது, அகலவில்லை.

இந்நோயாளிகளின் அணுக்களில் இயல்புக்கு மாறாகச் சிறுத்த ஒரு குரோமோசோம் இருப்பது 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டறியப்பட்டது. 9, 22 ஆகிய குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம் என்பதை 1973-இல் அமெரிக்க மரபியல் ஆய்வாளர் ஜேனட் ரௌலி காட்டினார். அப்படி ஒட்டிக்கொண்ட பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) மரபணு உருவாக்கும் புரதம், வெள்ளை அணுக்களைப் பெருக்கும்படி மஜ்ஜையை ஓயாமல் தூண்டுகிறது. இமாடினிப் அந்தப் புரதத்தைத்தான் முடக்குகிறது. மாத்திரை நின்றால் தூண்டுதல் மீண்டும் தொடங்கிவிடும்.

அணு எண்ணிக்கை இயல்பானது நல்ல செய்திதான் என்றாலும், மிச்சமிருக்கும் நோயை அது காட்டாது. அதைக் காட்டுவது அந்த மரபணுவை அளக்கும் பி.சி.ஆர். (PCR) ரத்தப் பரிசோதனை. அதன் அளவு மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள்ளும், ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குள்ளும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள்ளும் வர வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செய்யாதிருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இமை வீக்கமும் தசைப்பிடிப்பும் இம்மருந்தில் மிகச் சாதாரணம். மாத்திரையை உணவோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்கட்டும். கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளையும் பார்த்துவிடலாம். எடை வேகமாகக் கூடினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து சற்றும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டாசாடினிப், நிலோடினிப் போன்றவற்றுக்கு மருத்துவர் மாற்றுவார். மூலிகை மருந்து எதையும் அவரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம்.

மஜ்ஜை மாற்று சிகிச்சை, இமாடினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெறும் முன்புவரை, நோயைக் குணமாக்கும் முக்கிய வழியாக இருந்தது. இன்றோ, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதவர்களுக்கும், நோய் தீவிர நிலைக்கு மாறியவர்களுக்கும் மட்டுமே அதை யோசிக்கிறோம்.

பல ஆண்டுகள் மருந்தெடுத்து, பி.சி.ஆர். அளவு மிகமிகக் குறைந்தே நீடித்தவர்களில் சிலருக்கு, மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. நான்கு மாதத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.