வாசகர் கேள்வி-பதில்: பழைய காருக்கு வீட்டிலேயே பாலிஷ்

பழைய கார்களின் பெயிண்டை வீட்டிலேயே இயந்திரம் கொண்டு மெருகேற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இம்முறை விடையளிக்கிறோம். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய கார் பதினைந்து ஆண்டுகள் ஓடியது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுவதும் சிலந்தி வலை விரித்தாற்போல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன. பாலிஷ் இயந்திரம் ஒன்றை வாங்கி நானே போட்டுக்கொள்ளலாமா? பெயிண்ட் தாங்குமா?

பதில்: போட்டுக்கொள்ளலாம். ஆனால் தாங்குமா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும். பாலிஷ் என்பது பெயிண்டின்மேல் எதையோ பூசிக் கீறலை மறைக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தேய்த்து எடுக்கும் வேலை. கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை மிக நுண்ணிய அளவில் குறைத்துச் சமப்படுத்துகிறோம். அதன்பின் அந்த இடத்தில் ஒளி சிதறாமல் சீராகத் திரும்புவதால் பளபளப்பு வருகிறது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், அடிப்பூச்சு முதல் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் பருமன்தான் இருக்கும். நாம் எழுதும் சாதாரணத் தாளின் பருமனே ஏறத்தாழ 100 மைக்ரான். அதிலும் நாம் தேய்க்கக்கூடிய கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் அளவே. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் சேர்மங்களும் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும், திரும்ப வராத ஒரு கையிருப்பிலிருந்து சிறிது செலவழிக்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் உங்கள் காரை எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக பஃபிங் செய்திருக்கிறார்கள் என்பது, நீங்கள் முதல் உரிமையாளராக இல்லாவிட்டால், யாருக்கும் தெரியாது. அதனால்தான் பெயிண்ட் பருமன் அளக்கும் சிறு கருவியை இரவலாகவாவது வாங்கி, ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். இரும்புத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் அளக்கக்கூடிய கருவியாக அது இருக்கட்டும். பிளாஸ்டிக் பம்பரில் இந்த வகைக் கருவி வேலை செய்யாது. மற்ற பகுதிகள் 120 காட்டும்போது பானெட்டின் நடுப்பகுதி மட்டும் 80 காட்டினால், அங்கே முன்பே நிறையத் தேய்த்திருக்கிறார்கள் என்று கொண்டு, இயந்திரத்தை அந்த இடத்தில் வைக்காதிருப்பதே நல்லது. 200-க்கு மேல் போனால் பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடித்த பகுதி. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்க வாய்ப்பு அதிகம். கருவி காட்டுவது மொத்தப் பருமனைத்தான், கிளியர் கோட் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை அன்று. எனவே எண் பெரிதாக இருந்தாலும் துணிச்சல் வேண்டாம்.

எல்லாக் கீறலையும் எடுத்தே தீருவது என்பது பழைய காருக்கு ஏற்ற குறிக்கோள் அன்று. மேலோட்டமான வட்டக் கீறல்கள் போய், ஆழமானவை சில எஞ்சி நின்றாலும், நான்கடி தள்ளி நின்று பார்க்கிற கண்ணுக்கு அந்தக் கார் புதிதாகவே தெரியும்.

கேள்வி: நாற்பது ஆண்டுப் பழைய காரில் கையால் பாலிஷ் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் காரின் சிவப்பு நிறம் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயிண்ட் கரைகிறதா?

பதில்: அஞ்ச வேண்டாம். உங்கள் காரில் கிளியர் கோட் இல்லை; நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் சேர்ந்த பழைய வகைப் பெயிண்ட் அது. 1980-களிலும் அதற்கு முன்பும் வந்த கார்களில் இது பரவலாக இருந்தது. மேற்பரப்பு காற்றாலும் வெயிலாலும் வெளிறிச் சுண்ணாம்பு படிந்ததுபோல் ஆகிவிடும். அதிலும் சிவப்பு விரைவில் வெளிறும். அந்த இறந்த அடுக்கை எடுத்துவிட்டால் அடியில் உள்ள நிறம் ஆழமாகத் திரும்பி வருவதைக் கண்ணெதிரே காணலாம். மெருகேற்றும் வேலையில் இதைவிட மனநிறைவு தரும் காட்சி வேறில்லை. மென்மையான பேடும் (பாலிஷைத் தேய்க்க உதவும் வட்டமான மெத்தை) மென்மையான பாலிஷும் போதும். நிறத்தூள் பேடில் விரைவில் அப்பிக்கொள்ளும் என்பதால் சுத்தமான பேடுகள் பல கைவசம் இருக்கட்டும். நிறம் மெலிந்து அடிப்பூச்சு சாம்பலாகவோ பழுப்பாகவோ எட்டிப்பார்க்கத் தொடங்கினால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ரோட்டரி இயந்திரம், டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் என இரண்டு விற்கிறார்கள். புதிதாகப் பழகுபவர் எதை வாங்குவது?

பதில்: தயங்காமல் டூயல் ஆக்‌ஷனை வாங்குங்கள். ரோட்டரியில் பேட் ஒரே அச்சில் விடாமல் சுழல்கிறது. ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூடு ஏறும். உடலின் மடிப்பிலோ விளிம்பிலோ பட்டால் நொடிப்பொழுதில் பெயிண்டை அறுத்துவிடும். கைப்பழக்கம் இல்லாதவர் பிடித்தால், வெயிலில் அசைந்தாடும் நிழல் போன்ற கோடுகளையும் விட்டுச் செல்லும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுழல்வதோடு மையம் விலகியும் அசைகிறது. அழுத்தம் மிகுந்தால் சுழற்சி தானே நின்றுபோகும். அந்த நிற்கும் குணம்தான் உங்களுக்குப் பாதுகாப்பு, ஆனால் சுழற்சி நின்றுவிட்டால் வேலையும் நடக்காது. இதைக் கண்காணிக்க எளிய வழி, பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவைப்பது. வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றிவருவது கண்ணில் பட வேண்டும். வளைவான இடங்களில் கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால், கையின் பாரத்தைக் குறைத்து பேடைப் பரப்போடு தட்டையாகப் படியும்படி திருத்துங்கள்.

கேள்வி: நன்றாகக் கழுவித் துடைத்த பிறகும் பெயிண்டைத் தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: அந்தச் சொரசொரப்போடு பாலிஷ் போடவே கூடாது. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்துகள், மரப்பிசின், தார், பறந்து வந்து ஒட்டிய பெயிண்ட் ஆகியவை கழுவினால் போவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத துகளும் மணலைத் தொடுவதுபோல் தெரியும். இரும்புத்துகள் நீக்கும் திரவத்தைத் தெளித்தால், இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறம் வழியும். அது காய்வதற்குள் நீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். பிறகு வழுவழுப்பான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் களிக்கட்டியை (கிளே பார்) அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கேறிய பக்கத்தை அடிக்கடி உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். கட்டி தரையில் விழுந்தால் துடைத்து மீண்டும் எடுக்காதீர்கள், அதில் ஒட்டிய மண் உங்கள் காரைக் கீறும். களி ஓட்டிய இடத்தில் மங்கலான கீறல்கள் சில தோன்றுவது இயல்பு. அடுத்து வரும் பாலிஷில் அவை போய்விடும்.

கேள்வி: நான் பாலிஷ் போட்ட அன்று கார் கண்ணாடியாக மின்னியது. இரண்டு மழைக்குப் பிறகு பழைய கீறல்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. எங்கே பிழை?

பதில்: கீறல்கள் திரும்ப வரவில்லை, அவை போகவே இல்லை. பாலிஷ்களில் உள்ள எண்ணெய்கள் கீறலை நிரப்பித் தற்காலிகமாக மறைக்கின்றன. மழையும் ஷாம்புவும் அதைக் கழுவிவிட்டன. ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன், நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான நிலை.

செய்முறையையும் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம், ஏனெனில் உங்களைப் போன்றே பலர் கேட்டிருக்கிறார்கள். காரை நிழலில் நிறுத்துங்கள். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் உடனே காய்ந்து தூளாகும். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர் ஓரங்கள், கூரான மடிப்புகள் ஆகியவற்றின்மீது மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெலிதாக இருக்கும் என்பதால் முதலில் அறுபடுவது அங்கேதான். பின்பு, இருப்பதில் மிக மென்மையான பேடும் பாலிஷும் கொண்டு ஓரடிச் சதுரம் ஒன்றில் மட்டும் சோதித்துப் பாருங்கள். கீறல் போதிய அளவு போய்விட்டால் கார் முழுவதற்கும் அதே சேர்க்கைதான். போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையான பாலிஷுக்கோ பேடுக்கோ செல்லுங்கள். எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்டையும் கம்பளி பேடையும் எடுப்பவர், மென்மையான பாலிஷே தீர்த்திருக்கக்கூடிய கீறலுக்காகக் கிளியர் கோட்டை வீணாக்குகிறார். பேடுகளின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மஞ்சள் மென்மையாகவும் இன்னொன்றின் மஞ்சள் கடுமையாகவும் இருக்கும்.

புதிய பேடின் முகம் முழுவதும் மெல்லியதாகப் பாலிஷைத் தடவி, அதன்மேல் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு விட்டால் போதும். இயந்திரத்தைப் பெயிண்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், தெறிக்காது. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். முந்தைய தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடும்படி முதலில் இடவலமாகவும், பிறகு மேல்கீழாகவும், நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் நகர்த்துங்கள். அவசரமாக ஓட்டினால் உராயும் துகள்களுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. புதியவர்கள் அனைவருக்கும் நாங்கள் முதலில் சொல்வது கையின் வேகத்தைக் குறையுங்கள் என்பதுதான். ஒவ்வொரு சதுரத்தையும் முடித்ததும் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், ஏனெனில் அதில் தங்கிய பெயிண்ட் தூளே அடுத்த இடத்தில் புதுக் கீறலாகும். பிளாஸ்டிக் பம்பரில் வேகத்தையும் நேரத்தையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாததால் அது முழுவதும் பெயிண்டிலேயே தங்கிவிடும். மின்கம்பியைத் தோளின்மேல் போட்டுக்கொள்வதும், முகமூடியும் கண்ணாடியும் அணிவதும் விட்டுவிடக்கூடாதவை.

கேள்வி: கூரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், ஓரத்தில் தோல் உரிவதுபோல் உரிகிறது. எந்த பாலிஷ் போடலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். கிளியர் கோட் பிடிப்பை இழந்து பெயர்கிறது. தேய்த்தால் உரிதல் பரவும். அந்தப் பகுதிக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. பெயிண்டின் அடியில் துருக் கொப்புளம் எழுந்த இடங்களுக்கும் இதே விடைதான்.

கேள்வி: முகப்பு விளக்குகள் மஞ்சள் பூத்துவிட்டன. அதே பாலிஷ் இயந்திரத்தால் அவற்றையும் தெளிவாக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அரைகுறையாகச் செய்தால் சில மாதங்களில் முன்பைவிட மோசமாகும். விளக்கின் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்பு அடுக்கு வெயிலில் சிதைவதால்தான் மஞ்சள் தோன்றுகிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, நீர் ஊற்றி ஊற்றி 800, 1500, 3000 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு இயந்திரத்தால் மெருகேற்றினால் தெளிவு வரும். 800-ஆம் எண் தாள் விட்ட கோடுகளை அடுத்த தாள் முழுவதும் எடுத்த பிறகே மேலே செல்லுங்கள். இப்போது பழைய பாதுகாப்பு அடுக்கு அங்கே இல்லை என்பதை மறக்காதீர்கள். விளக்குகளுக்கென விற்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் பூச்சை அதன்மேல் கட்டாயம் அடிக்க வேண்டும். மஞ்சள் மூடியின் உட்புறத்தில் இருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

கேள்வி: முடித்தபின் மெழுகா, செராமிக் பூச்சா?

பதில்: பழைய கார், அடிக்கடி கையால் பராமரிக்கும் ஆர்வம் இரண்டும் உள்ளவருக்கு மெழுகே ஏற்றது, கர்ணாபா என்னும் பனைவகை இலை மெழுகு ஓரிரு மாதங்களே நிற்கும், ஆனால் பூசுவதும் எடுப்பதும் எளிது. சீலண்டு எனப்படும் செயற்கைக் காப்புப் பூச்சு அதைவிட நீடிக்கும். செராமிக் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. ஆனால் பாலிஷ் எண்ணெய் சிறிதும் இல்லாத பரப்பில் பூசி, உரிய நேரத்தில் துடைத்துச் சமப்படுத்தி, குறைந்தது ஒரு நாளாவது நீர் படாமல் காக்க வேண்டும். துடைக்காமல் விட்ட திட்டு இறுகிவிட்டால், மீண்டும் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்; அந்தத் தேய்ப்பும் அதே கிளியர் கோட் கணக்கில்தான் சேரும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதிக்கு, பெயிண்ட் முழுவதும் உலரும்வரை, அதாவது பெயிண்ட் நிறுவனம் குறிப்பிடும் காலம்வரை, இரண்டும் வேண்டாம்.

கேள்வி: ஆண்டுக்கு எத்தனை முறை இயந்திர பாலிஷ் போடலாம்?

பதில்: ஒருமுறைகூட ஏன் என்றே கேட்கிறோம். முறையாகத் திருத்திய பரப்பு மீண்டும் வட்டக் கீறல் வாங்குவது பெரும்பாலும் கழுவும் கையால்தான். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். தூசு படிந்த காரை உலர்ந்த துணியால் ஒருபோதும் தட்டித் துடைக்காதீர்கள். முதலில் நீரைப் பாய்ச்சி மண்ணை இறக்குங்கள். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள், சக்கரங்களுக்குத் தனித் துணி இருக்கட்டும். மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது மென்மையூட்டும் திரவம் சேர்த்தால் இழைகளின்மேல் படலம் படிந்து நீரை உறிஞ்சும் திறன் குறைந்துவிடும்; வெறும் திரவச் சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.