அதிமதுரம் குடித்தால் கால் வீங்குமா?

கேள்வி: என் மாமியாருக்கு வறட்டு இருமல். மாட்டுங்காவில் அதிமதுரப் பொடி வாங்கி, ஒரு மாதமாக இரண்டு வேளையும் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். இருமல் அடங்கிவிட்டது. ஆனால் கால் வீங்குகிறது, பி.பி.யும் ஏறியிருக்கிறது. மாத்திரையை மாற்ற வேண்டுமா?
- வாசகி, செம்பூர்

பதில்: மாத்திரையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள் அம்மா. முதலில் கஷாயத்தை நிறுத்துங்கள். அதிமதுரம் நல்ல சரக்குதான். தொண்டை கட்டினால் நானும் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறவன். அது இரண்டு நாள் சமாச்சாரம். மாதக்கணக்கில் குடிக்கும்போதுதான் வம்பு. அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். கால் வீக்கம், பி.பி. இரண்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பி.பி.க்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறாரா, பாருங்கள். அவற்றில் பலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இதயத்துக்கு டிஜாக்சின் (digoxin) மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

இந்த வாரமே டாக்டரிடம் போய், கஷாயம் குடித்ததை மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்கச் சொல்லுங்கள். ('மூலிகைதானே, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா' என்று மாமியார் முறைப்பார், பரவாயில்லை.) தசை இழுப்பு, படபடப்பு, கை கால் சோர்வு என்றால் வாரம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நிறுத்திய பிறகும் இதன் பாதிப்பு சில வாரங்கள் இருக்கலாம். அதுவரை வீட்டிலேயே பி.பி. பார்த்துக் குறித்துவையுங்கள். இருமல் திரும்பினால் வெந்நீர், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு போதும். கொப்பளித்ததை விழுங்க வேண்டாம்.