இலங்கையின் வடக்கே வன்னியில் காட்டோரம் இருக்கும் சாதாரண ஆட்கள் காட்டைக் காக்க என்ன செய்யலாம்?

பாலைப்பழத்திலிருந்து தொடங்குங்கள். வைகாசி, ஆனியில் பழத்துக்காகக் கொப்பையே வெட்டி விழுத்துவதுதான் பெரிய கேடு. பாலை மிக மெதுவாக வளரும் மரம். அந்தக் கொப்பு திரும்பக் காய்க்க நெடுங்காலம் எடுக்கும். கரடிக்கும் பாலைப்பழம்தான் விருப்பமான சாப்பாடு. கீழே சாக்கு விரித்துக் கொப்பை உலுப்பினாலே பழுத்தது விழும்.

விதையை வீசாதீர்கள். சதை போகக் கழுவி, காய முன்னரே பையில் ஊன்றுங்கள்; மேலே மெல்லியதாக மண் போதும், ஆழமானால் அழுகும். முளை வரச் சுணங்கும், பொறுக்க வேண்டும். அடுத்த வருட ஐப்பசி மழையோடு நடுங்கள். மாசிக்குப் பிறகு நட்டால் வேர் இறங்க முன்னரே கருகிவிடும். மாடு கடிக்காமல் முள்ளு அடையுங்கள்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் பகலில் காணிக்கு நெருப்பு வைக்கவே கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் விதைக்கும் போகாதீர்கள், விறகுக்கும் போகாதீர்கள்.