வெயிலில் வைத்த கிண்ணங்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் யாங்கோனில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். என் மாமியார் பாகான் ஊரைச் சேர்ந்த பர்மியர். அவரிடம் கற்ற அரக்குப் பூச்சு வேலையை மனைவி வீட்டிலேயே செய்து வருகிறார். தடிங்யுட் விளக்குத் திருவிழா விற்பனைக்குப் பத்து நாள்களே இருந்தபோது, பன்னிரண்டு மூங்கில் கிண்ணங்கள் மாடிப்படிக்குக் கீழுள்ள இருட்டறையில் உலராமல் கிடப்பதைக் கண்டு, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவற்றை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மாலையில் மூங்கில் கோணலாகி, பூச்சும் சுருங்கியிருந்தது. என் கைகளில் கொப்புளங்கள் எழுந்தன. "விடுங்க, நானே பாத்துக்கிறேன்" என்றதோடு சரி, மூன்று நாள்களாக அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு நான் எப்படித்தான் உதவுவது?

யாங்கோன் வாசகர்

அன்புள்ள ஐயா,

முதலில் கொப்புளங்களைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரக்குப் பூச்சாகப் பூசும், பர்மியர் தித்சி என்று சொல்லும் மரப்பால், இறுகும் முன் தோலைப் புண்ணாக்கும். மேலும், அது துணியைப்போல வெயிலில் காய்வதில்லை. ஈரக்காற்றில்தான் இறுகும் என்பதால், பாகானில் ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் பாண்டத்தை நிலவறையில் ஏறத்தாழ ஒரு வாரம் வைத்திருப்பார்கள். சும்மா கிடப்பதாக நீங்கள் எண்ணிய அந்த நாள்களில்தான் பூச்சு இறுகிக்கொண்டிருந்தது.

உங்கள் கடிதத்தில் நாள் கணக்கும் கிண்ணக் கணக்கும் இருக்கின்றன; "ஏன் இருட்டில் வைத்திருக்கிறாய்?" என்று மனைவியிடம் ஒருமுறையேனும் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. தாயிடம் கற்ற கைத்தொழிலைக் கணவர் கேளாமலே திருத்த முற்பட்டது, கிண்ணங்கள் கெட்டதைவிட அவரை அதிகம் வருத்தியிருக்கலாம் என்று கருதுகிறேன். ஆகவே, "நல்லதுக்குத்தான் செய்தேன்" என்று தொடங்காதீர்கள். கேளாமல் கை வைத்தது தவறு என்று மட்டும் சொல்லி, அவர் கோபத்தைக் கொட்டினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

பிறகு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். இறுகி முடிந்த பாண்டங்களைத் தாளில் சுற்றுவது, விலைச்சீட்டு எழுதுவது, திருவிழா வரை சமையலைப் பார்த்துக்கொள்வது என்று கணக்கெழுதும் கைக்கு ஏற்ற வேலைகள் உண்டு. அவர் எதுவும் வேண்டாம் என்றால், அன்று சோறு வடித்து வைத்துவிட்டு விலகியிருங்கள். கெட்டவற்றுக்கு ஈடாக அவசரமாகப் புதியவை செய்யும்படி மட்டும் தூண்டாதீர்கள். மீதமுள்ள நாள்களில் அவை தேறமாட்டா.