‘ஐ’ எங்கே, ‘மீ’ எங்கே? ஆங்கிலப் பிரதிப்பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ‘மழை பெய்கிறது’ என்பதற்கு ‘இட் இஸ் ரெயினிங்’ என்கிறார்கள். அந்த ‘இட்’ எதைக் குறிக்கிறது ஐயா?

பதில்: எதையும் குறிக்கவில்லை. ‘வந்தேன்’ என்றாலே வந்தது நான் என்று வினையின் விகுதி சொல்லிவிடுகிறது. ‘நான்’ இல்லாமலே தமிழ் வாக்கியம் நிறைவாக நிற்கும். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று மட்டும் எழுதினால் வந்தது நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. அதனால் கட்டளை வாக்கியம் தவிர மற்றவற்றில் எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது. சொல்ல எழுவாயே இல்லாதபோதும் ‘இட்’ வந்து அந்த இடத்தை நிரப்பும்: ‘இட் இஸ் லேட்’, ‘இட் இஸ் ஹார்ட் டு எக்ஸ்ப்ளெயின்’. நம் மாணவர்கள் ‘இஸ் வெரி ஹாட் டுடே’ என்று எழுதுவதற்குத் தமிழின் இந்தப் பழக்கமே காரணம். சிலர் நேர்மாறாக ‘மை பிரதர் ஹி இஸ் எ டாக்டர்’ என்று எழுவாயை இரட்டிப்பார்கள். ‘மை பிரதர்’ வந்துவிட்டது, ‘ஹி’ வேண்டாம்.

கேள்வி: ‘மீ அண்ட் மை ஃபிரெண்ட்’ என்று எழுதித் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து எல்லா இடத்திலும் ‘மை ஃபிரெண்ட் அண்ட் ஐ’ என்றே எழுதுகிறேன். சரிதானே?

பதில்: எல்லா இடத்திலும் சரியல்ல. நண்பரை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். ‘ஷி இன்வைட்டட் மை ஃபிரெண்ட் அண்ட் ஐ’ என்பதில் நண்பர் போனால் ‘ஷி இன்வைட்டட் ஐ’ என்று மிஞ்சும். அப்படி யாரும் சொல்வதில்லை. தமிழில் ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்று வரும் இடங்களில் பெரும்பாலும் ‘மீ’தான் வரும். ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதும் அதனால்தான். இரண்டுக்கும் பயந்து ‘மைசெல்ஃப்’ போடுவதையும் விட்டுவிடுங்கள். ‘ஐ ஹர்ட் மைசெல்ஃப்’ போல, ‘ஐ’ முன்னால் இருக்கும் வாக்கியத்தில்தான் அதற்கு இடம். பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள ‘ஐ ஆம்’ போதும்.

கேள்வி: கதைகளை மொழிபெயர்க்கிறேன். ‘ரவி குமாரிடம் தன் சாவியைக் கொடுத்தான்’ என்பதை எழுதினால், ‘ஹிஸ்’ யாருடையது என்று வாசகர் கேட்கிறார்.

பதில்: நியாயமான கேள்வி. தமிழின் ‘தன்’ எழுவாயையே சுட்டும். ரவியின் சாவி என்பதில் ஐயமில்லை. ஆங்கிலத்தில் ‘அவனுடைய’, ‘தன்’ இரண்டுக்கும் ‘ஹிஸ்’ ஒன்றுதான். ‘ஹிஸ் ஓன் கீ’ என்றாலும் தீராது. குமாருக்கென்று தனியாக ஒரு சாவி என்ற பொருளும் வந்துவிடும். நான் செய்வது வேறு: ‘ரவி டுக் அவுட் ஹிஸ் கீ அண்ட் கேவ் இட் டு குமார்’. குமார் வருவதற்கு முன்பே ‘ஹிஸ்’ வந்துவிடுவதால் குழப்பமில்லை. பிரதிப்பெயர் தடுமாறும்போது சொல்லை மாற்றாதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள். ஒப்பந்தம் போன்ற ஆவணங்களில் பெயரையே மறுபடி எழுதுங்கள். அங்கே அழகைவிடத் தெளிவு முக்கியம்.

கேள்வி: அப்பாவை ‘ஹி’ என்று எழுதக் கை கூசுகிறது. மரியாதைக்காக ‘தே’ எழுதலாமா?

பதில்: வேண்டாம், படிப்பவர் பலரைப் பற்றிய பேச்சு என்று நினைப்பார். ‘அவன்’, ‘அவர்’ இரண்டும் ‘ஹி’யில் அடக்கம், அதில் மரியாதைக் குறைவு இல்லை. ‘யூ’வும் அப்படியே. முன்பு ஒருவரை ‘தௌ’ என்றும், பலரையும் மதிப்புக்குரியவரையும் ‘யூ’ என்றும் அழைத்தார்கள். ‘தௌ’ வழக்கொழிந்தது. ஒருவரிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவது அந்தப் பழைய பன்மையின் தொடர்ச்சிதான்.

ஒருவருக்கு ‘தே’ வரும் இடமும் உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ‘சம்ஒன் லெஃப்ட் தேர் பேக்’ என்பது சரியான ஆங்கிலம். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடும் 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. தன்னைத் ‘தே’ என்று குறிப்பிடும்படி கேட்பவருக்கும் அதையே எழுத வேண்டும்.

கேள்வி: ‘இட்ஸ்’ என்பதில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) எப்போது?

பதில்: ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் போடுங்கள். ‘அதனுடைய’ என்றால் கூடாது.

கேள்வி: ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் ‘வீ’ என்றால் வேறுபாட்டை எப்படிக் காட்டுவது?

பதில்: ‘வீ’யால் தனியே காட்ட முடியாது. கேட்பவரையும் சேர்க்க ‘யூ அண்ட் ஐ’, ‘ஆல் ஆஃப் அஸ்’ என்று எழுதலாம். விலக்க ‘மை டீம் அண்ட் ஐ’ போல யார் யார் என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு தானாகத் தெரியும்: ‘லெட்ஸ் கோ’ என்றால் நாம் போவோம். ‘லெட் அஸ் கோ’ என்று விரித்துச் சொன்னால், எங்களைப் போக விடுங்கள் என்றும் பொருள்படும்.