சுஷி என்றாலே பச்சை மீன்தானா? எத்தனை வகை இருக்கிறது, எப்படிச் செய்கிறார்கள்?

வேலைக்காக நான்கு வருடம் ஜப்பானின் ஒசாகா நகரில் இருந்தேன். போகும்போது எனக்கும் இதே சந்தேகம்தான். பச்சை மீனை மட்டும் சீவித் தட்டில் வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. சுஷிக்குக் கட்டாயம் வேண்டியது சோறு, அதுவும் வினிகர் கலந்த புளிப்புச் சோறு. அது இருந்தால் மேலே முட்டை வைத்தாலும் சுஷி, நடுவில் வெள்ளரிக்காய் வைத்தாலும் சுஷி.

இதில் வேடிக்கை, ஆதியில் அந்தச் சோற்றை யாரும் சாப்பிடவே இல்லை. உப்பில் ஊறிய மீனைச் சோற்றுக்குள் புதைத்து, மேலே கல்லை ஏற்றி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சோறு புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் மீனைக் கெடாமல் காக்கும். அப்புறம் கூழாகிப்போன சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் தின்பார்கள். இது நரேசுஷி. ஷிகா மாகாணத்தில் பிவா ஏரிக்கரையில் இன்றும் கெண்டை இனத்து மீனை வைத்து ஃபுனாசுஷி என்று இதைச் செய்கிறார்கள். சினை நிறைந்த பெண் மீனுக்குத்தான் மதிப்பு. அங்கே போனபோது நானும் வாங்கிப் பார்த்தேன். நன்றாக முற்றிய சீஸ் வாடை. கூட வந்த ஜப்பானிய நண்பர் சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்தபடி சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். நான் இரண்டு துண்டோடு கையைக் கழுவிக்கொண்டேன்.

அத்தனை மாதம் யார் காத்திருப்பது? சோறு தானாகப் புளிக்கும்வரை விடாமல் நேராக வினிகரைக் கலக்கும் வழக்கம் பிறகு வந்தது. 1820களில், அப்போது எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவில், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்த நிகிரி பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர்தான் அதைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அன்றைக்கு அது தெருக்கடைத் தீனி. ஒரு பிடி இன்றையதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிது. ஐஸ் பெட்டி இல்லாத காலம் என்பதால் சூரை மீனைச் சோயா சாஸில் ஊறவைப்பார்கள், சில மீனை உப்பும் வினிகரும் போட்டுப் பதப்படுத்துவார்கள், விலாங்கை வேகவைப்பார்கள். இன்று கொள்ளை விலை போகும் சூரையின் கொழுப்பு வயிற்றுப் பகுதியை அன்று சீந்துவாரில்லை.

சரி, சோற்றுக்கு வருவோம். குட்டையான ஜப்பான் அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து வேகவைக்க வேண்டும். இரண்டு கப் அரிசிக்குக் கால் கப் அரிசி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு என்பது என் கணக்கு. மூன்றையும் கரைத்து, சூடான சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி அதன்மேல் ஊற்றவேண்டும். கிளறினால் பிசைந்துபோகும், கரண்டியால் வெட்டுவதுபோல் கலந்துகொண்டே விசிறவேண்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கும்போதே பிடிக்கவேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன பொன்னி அரிசியில் ஒருமுறை முயன்றேன். உருட்ட உருட்ட உதிர்ந்தது. கடைசியில் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டேன்.

கேட்டால், அதுவும் ஒரு வகை என்று சமாளிக்கலாம். கிண்ணத்தில் புளிப்புச் சோற்றைப் பரப்பி மேலே மீன், முட்டை, காய்கறி தூவினால் அது சிராஷி. வீட்டு விசேஷங்களில் அதிகம் பார்க்கலாம்.

நிகிரியில் வினிகர் தண்ணீர் தொட்ட கையால் ஒரு வாய்ச் சோற்றைப் பிடித்து, மீன் துண்டின் அடியில் வாசாபி என்ற காரமான பச்சை விழுதைத் துளி தடவி, இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்துவார்கள். வெளியே உருக்குலையக் கூடாது, வாயில் போட்டதும் உதிர வேண்டும். பார்க்க இரண்டு விநாடி வேலை. அந்த அழுத்தம் கைக்கு வரத்தான் வருடங்கள் ஆகும். கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம், தப்பில்லை. சோயாவில் மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றைத் தொட்டால் தட்டிலேயே கரைந்துவிடும்.

மகி என்றால் சுருட்டியது. மூங்கில் பாயில் நோரி என்ற கடற்பாசித் தாளின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, சோறு பரப்பி, நடுவில் ஒரு பொருள் வைத்துச் சுருட்டி வெட்டுவார்கள். ஒல்லியானது ஹோசோமகி, தடியானது ஃபுதோமகி, கூம்பாகக் கையில் சுற்றித் தருவது தெமகி. மீன் முட்டை மாதிரி வழியும் பொருளுக்காகச் சோற்றைச் சுற்றி நோரியால் வேலி கட்டுவது குன்கன், அதாவது போர்க்கப்பல். 1941இல் டோக்கியோவின் கின்சா பகுதிக் கடை ஒன்றில் பிறந்தது. நோரி உள்ளே போய்ச் சோறு வெளியே தெரியும் கலிஃபோர்னியா ரோல் வட அமெரிக்காவில் உருவானது. ஒசாகாவில் அதை ஆர்டர் செய்தால் முகத்தைச் சுளிக்கமாட்டார்கள், ஆனால் மெனுவில் பெரும்பாலும் இருக்காது.

ஒசாகாவின் சொந்தச் சரக்கு ஒஷிசுஷி. மரப்பெட்டியில் சோற்றையும் மீனையும் அடுக்கி, அழுத்தி, செங்கல் மாதிரி வெளியே எடுத்து வெட்டுவது. அதில் பத்தேரா என்பது வினிகரில் பதப்படுத்திய கானாங்கெளுத்தி வகை மீனில் செய்வது. படகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. என்னைக் கேட்டால் நிகிரியைவிட இதற்குத்தான் என் ஓட்டு.

தட்டுகள் சுற்றிவரும் சுஷிக் கடையும் ஒசாகாப் பக்கத்துச் சரக்குதான். பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்ந்து போவதைப் பார்த்த ஷிராயிஷி யோஷியாகி, 1958இல் முதல் கடையைத் திறந்தார். அங்கே இன்று பலரும் முதலில் எடுக்கும் சால்மன், பழைய சுஷியில் கிடையாது. ஒட்டுண்ணிப் பயத்தால் ஜப்பானியர்கள் அதைப் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. 1980களில் நார்வே தன் பண்ணை சால்மனை அங்கே விற்கப் பாடுபட்ட பிறகுதான் அது சுஷிமேல் ஏறியது.

அதனால் மீன் சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் பச்சையாக வைத்துப் பார்க்காதீர்கள். பச்சையாகத் தின்பதற்கென்றே பதப்படுத்திய மீன் வேண்டும். ஒட்டுண்ணி சாக, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்கச் சொல்கிறது அமெரிக்க விதி. வீட்டு ஃப்ரீசரை நம்ப முடியாது.

சைவம் என்றால் வெள்ளரிக்காய் வைத்த கப்பா மகி இருக்கிறது. பொரித்த டோஃபு (சோயா பன்னீர்) பைக்குள் சோறு அடைத்த இனாரியும் பார்க்கச் சைவம்தான். ஆனால் அந்தப் பையை வேகவைக்கும் சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்தது. இது தெரியாமல் ஆறு மாதம் என் சைவ நண்பருக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.